கேமராவுக்குத் தெரியாத கை

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மேடையில், கறுப்புத் திரைக்கு முன்னால் என் தங்கை பூஜா ஆடுகிறாள். கை அசைவதைக் கேமரா பார்த்தால் ஸ்பீக்கரில் கடல் இரைய வேண்டும். கூட ஆடும் சிவந்த நிறத்து மதுரா ஆடியபோது இரைந்தது. பூஜா ஆடும்போது சலங்கைச் சத்தம் மட்டுமே கேட்கிறது. "கறுப்புத் திரையில உன் கையே கேமராவுக்குத் தெரியலம்மா. பவுடர் ஜாஸ்தியா போட்டுக்க. இல்லன்னா நாளைக்கு நிகழ்ச்சியில மதுரா மட்டும் ஆடட்டும்," என்கிறார் இதையெல்லாம் உருவாக்கிய விஸ்வேஸ்வரன். "திரைய மாத்துங்க சார். கடல் சத்தத்த எங்க ஊரு தேவனாம்பட்டினத்துல புடிச்சீங்க, எங்க நெறம் மட்டும் ஆவாதா?" என்கிறேன். "சும்மா இரு அக்கா," என்று பூஜா என்னை அடக்கிவிட்டு, தோள்வரை பவுடர் பூசிக்கொண்டு ஆடுகிறாள். கடல் இரைகிறது. அவள் சிரித்துவிடுகிறாள். வியர்வை வழிந்து கையில் கறுப்புக் கோடுகள் இறங்க, இரைச்சல் அடங்குகிறது. அவள் இன்னும் வேகமாக ஆடுகிறாள்.