மாலை போட்ட மேனேஜர்

“உனக்குத் திமிர்தாண்டி!”

டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னாள் சோபனா. முபஷ்ஷிரா சப்பாத்தியைப் பிய்த்தாள்.

ஆம்பூரை ஒட்டியிருந்த அந்த ஷூ கம்பெனியில் கொஞ்ச நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் இதே பேச்சுதான். காரணம், மேனேஜர் சூரியபிரகாஷ் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார்.

சாதாரண நாளில் அவர் வாயைத் திறந்தால் தையல் மெஷின் சத்தமே அடங்கிவிடும். ‘ஏய்’ என்பதுதான் அங்கே எல்லோருக்கும் பெயர். கழுத்தில் மாலை விழுந்ததும் மனுஷர் அடியோடு மாறிப்போனார். கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், ஷூ கம்பெனிக்குள்ளேயே வெறுங்கால். ஆண்கள் எல்லாம் ‘சாமி’, பெண்கள் எல்லாம் ‘அம்மா’. கோபம் மருந்துக்கும் கிடையாது.

விடுவார்களா? ஆளாளுக்குப் பழைய தப்பைத் தேடி எடுத்து வந்து ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

“உங்க ஃபிளாஸ்க்கை உடைச்சது பூனை இல்ல சாமி. நான்தான்” என்றாள் கூட்டிப் பெருக்கும் முனியம்மா.

“பரவால்லம்மா. சாமியே சரணம்.”

நல்ல தோலைக் கோணலாக வெட்டி மறைத்து வைத்ததைச் சொன்னான் கட்டிங் செக்ஷன் பெருமாள். அதற்கும் சரணம். காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்டுத் தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்குப் போனதைச் சொன்னாள் சோபனா. அதற்கும் சரணம்தான்.

மிச்சம் முபஷ்ஷிரா ஒருத்திதான்.

போன வருஷம் வரைக்கும் அந்தத் தையல் லைனுக்கு அவள்தான் சூப்பர்வைசர். வெளிநாட்டு ஆர்டர் ஒன்றில் பிரவுன் நூலுக்குப் பதில் கறுப்பு நூலில் தைத்து, சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. “பிரவுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!” என்று லைன் முழுக்கக் கேட்க அவளைக் கிழித்தெடுத்தார் சூரியபிரகாஷ்.

“கறுப்புன்னுதான் சார் சொன்னீங்க” என்று அவள் அழுததை யாரும் நம்பவில்லை. அன்றைக்கே அவளை ஷூவுக்கு சொல்யூஷன் தடவுகிற மேஜைக்கு மாற்றிவிட்டார். அந்தப் பசை நெடியில் பொழுது சாய்வதற்குள் அவளுக்குத் தலை வெடிக்கும். தெருவில் தெரிந்தவர்கள் பார்த்தால், “சரக்கைக் கெடுத்தது நீதானா?” என்று விசாரிப்பார்கள். அது இன்னும் வலிக்கும்.

“மாலையோட இருக்காரு. இப்ப ஒரு மாப்பு கேட்டேன்னு வை, மறுபடியும் உன்னை சூப்பர்வைசர் ஆக்கிடுவாரு. ஒரு வார்த்தை கேட்டா இன்னாடி குறைஞ்சிடும்?” சோபனா விடவில்லை.

“செய்யாத தப்புக்கா?”

“செஞ்சியோ, செய்யலியோ, அது யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். அல்லாவுக்குத் தெரியும்.”

“மேனேஜருக்குத் தெரியணுமேடி! உன்னோட ஒரே பேஜாரு” என்று தலையில் அடித்துக்கொண்டாள் சோபனா.

சூரியபிரகாஷ் மலைக்குக் கிளம்பும் நாளும் வந்தது. அன்றைக்கு முபஷ்ஷிராவுக்குத் தலைவலி தாங்கவில்லை. கேட்டுத் தொலைத்துவிடலாம் என்றுதான் அவர் ரூமுக்குப் போனாள்.

“வாங்கம்மா, சொல்லுங்க.”

மன்னிப்பு என்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

“அந்தத் தப்பை நான் செய்யல சார். இப்ப உங்ககிட்ட மன்னிப்பு கேட்டா, அன்னிக்கு நான் அழுதது பொய்னு ஆயிடும். அதான் கேக்கல. நல்லபடியா போய்ட்டு வாங்க.”

அவர் தன் வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரிம்மா” என்றார். அவ்வளவுதான்.

“கெடுத்தியே காரியத்தை! மாலையைக் கழட்டிட்டு வரட்டும், உனக்கு இருக்குது” என்றாள் சோபனா. மற்றவர்களும் முபஷ்ஷிராவை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

சூரியபிரகாஷ் மலையிலிருந்து திரும்பி வந்தார். மழுங்கச் சிரைத்த முகம், இன்ஷர்ட், பளபளவென்று ஷூ. கழுத்து காலியாக இருந்தது. பார்த்தவுடனே லைனில் எல்லோருடைய தலையும் குனிந்தது. நேரே முதலாளி ரூமுக்குள் போனவர், வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார்.

“எல்லா மெஷினையும் நிறுத்துங்க!” பழைய குரல். “முபஷ்ஷிரா, இங்க வா!”

கையிலிருந்த பிரஷ்ஷைப் போட்டுவிட்டு நடந்தாள். இன்றோடு வேலை போயிற்று என்றே நினைத்தாள். சோபனா கண்ணை மூடிக்கொண்டாள்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. அந்த ஆர்டருக்குக் கறுப்பு நூல்னு சொன்னது நான்தான். போன் பேசிக்கிட்டே அவசரத்துல சொன்னேன். சரக்கு திரும்பி வந்த அன்னிக்கே எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. வேலை போயிடுமோன்னு பயந்து இந்தப் பொண்ணு தலையில போட்டுட்டேன். இப்பதான் முதலாளிகிட்ட உண்மையைச் சொன்னேன். எனக்கு இன்னா பண்றதுன்னு அவர் யோசிச்சுச் சொல்வாரு. ஆனா இந்த லைனுக்கு இனிமே இவங்கதான் சூப்பர்வைசர்.”

முபஷ்ஷிரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இத்தனை நாளா மாலையோட இருந்தீங்களே சார். அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“மாலையோட சொல்லியிருந்தா, சாமியாச்சேன்னு நீ ஒண்ணும் சொல்லாம விட்டிருப்பேம்மா. அதான் கழட்டிட்டு வந்தேன்” என்று தலையைக் குனிந்துகொண்டார் சூரியபிரகாஷ்.

“இப்ப திட்டு.”