நாடா வைத்த பக்கம்

தம்புசாமியின் இரண்டு மணிக்கட்டுகளும் கட்டில் கம்பியோடு சேர்த்துக் காயத்துணியால் கட்டப்பட்டிருந்தன.

மாரியாயி தோளிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "மிஸ்ஸி, எங்க வீட்டுக்காரரு கைய அவுத்து விடுங்க."

"அவுத்தா மூக்குல போட்ட டியூப்ப இழுத்துப் போட்டுர்றாரு ஆன்டி. காலையிலருந்து இதே வேல." தாதி புஷ்பவல்லியின் குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "டியூப் இல்லன்னா சாப்பாடு எப்படி உள்ள போவும்?"

"கைக்கு ஏதாச்சும் குடுத்தா டியூப்புக்குப் போவாது. நான் பாத்துக்கிறேன்."

புஷ்பவல்லி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "விசிட்டிங் முடியிற வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஒரு தடவ இழுத்தாலும் ராத்திரி பூரா கட்டிப் போடத்தான் வேணும்."

கட்டு அவிழ்ந்தது. தோலில் சிவப்பாக ஒரு வளையம். மாரியாயி அதைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டாள்.

ரத்தக் கொதிப்பில் விழுந்த நாளிலிருந்து அவருக்குப் பேச்சு இல்லை. யார் எவர் என்பதும் நினைவில்லை. போர்ட் கிள்ளானில் காலமெல்லாம் லோரி ஓட்டிய கைகள் மட்டும் ஓய மாட்டேன் என்றன. போர்வையைச் சுருட்டின. காற்றைப் பிடித்தன. பிறகு மூக்குக்குப் போயின.

அவள் ஒரு துண்டுத் துணியை அந்தக் கையில் திணித்தாள்.

பையில் ஊசியும் நூலும் எப்போதும் இருக்கும். கிள்ளானில் ஒரு தையல் கடையில் ரவிக்கைகளுக்குக் கொக்கி வைப்பதும் புடவைகளுக்கு ஓரம் அடிப்பதும் அவள் வேலை. இந்த எண்பத்திரண்டாம் வருஷத் தீபாவளிக்கு வெட்டி மிஞ்சிய துண்டுகள் பையின் அடியில் கிடந்தன.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பக்கம். அதில் யாரோ வேண்டாமென்ற கோட்டின் பெரிய பட்டன்கள். அடுத்த பக்கத்தில் ஒரு பழைய ஜிப். ஓரத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தைத்ததும் அது புத்தகமாகிவிட்டது.

கை மூக்கை நோக்கிப் போகும். அவள் பட்டனைக் கொடுப்பாள். பட்டன் சலித்தால் ஜிப். ஜிப் சலிப்பதற்குள் இன்னொரு பக்கம் தயாராக வேண்டும். ஒருமுறை விரல் டியூப்பைத் தொட்டேவிட்டது. ஊசியோடு பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். புஷ்பவல்லி நல்லவேளையாக அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள்.

கடையில் முதலாளி இழுத்த கோட்டின் மேல்தான் அவள் தைப்பாள். கோட்டை விட்டு ஒரு நூல் விலகினாலும் பிரிக்கச் சொல்வார். இங்கே கோடு இல்லை. ஊதாவுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு உட்கார்ந்தது. நேராகப் போய்க்கொண்டிருந்த தையல் அவசரத்தில் வளைந்தது. வளைந்தால் வளையட்டும் என்று அதையே சுற்றவிட்டாள். ஒரு நத்தை வந்தது. பச்சை நூலில் ஒரு கொம்பு. அடுத்த கொம்புக்குப் பச்சை போதவில்லை. மஞ்சள் வைத்தாள்.

தனக்குச் சிரிப்பு வருகிறது என்று தெரிந்தபோது கூச்சமாக இருந்தது. இப்படிக் கிடக்கிற மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுகிறாள். விளையாடி எவ்வளவு காலமாயிற்று? கல்யாணத்துக்கு முன்னால் என்ற இடத்தில் நினைவு நின்றுகொண்டது.

அடுத்த கட்டில்காரரின் மனைவி இராஜம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன மாரி, அண்ணன ஸ்டாண்டர்ட் ஒன்னுல சேக்கப் போறியா? புக்கெல்லாம் ரெடி பண்ற?"

"சேத்தா ஒங்க வீட்டுக்காரரும் கூட வருவாரா அக்கா?"

"அவரா! படிக்கிற புள்ளைங்களையும் கெடுத்துருவாரு லா." இராஜம்மா சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக்காரரு கைய நான்தான் கட்டச் சொன்னேன். நீ என்னடான்னா கட்டக்கூடாதுன்னு கெஞ்சுற. அண்ணன் குடுத்து வச்சவரு."

மாரியாயி பைக்குள் கையை விட்டாள். மிச்சமிருந்தது ஒரு பாவாடை நாடா. அதன் நடுவை மட்டும் பக்கத்தோடு பிடித்துத் தைத்து, இரண்டு முனைகளையும் தொங்கவிட்டாள். எதற்கென்று யோசிக்கவில்லை. ஆட்டிக்கொண்டிருக்கட்டும்.

மணி அடித்தது. புஷ்பவல்லி வந்து டியூப்பைப் பார்த்தாள். வைத்த இடத்திலேயே இருந்தது.

"சரி ஆன்டி, இன்னிக்கி கட்டல. புக்கு இவருகிட்டயே இருக்கட்டும். ராத்திரி வர்ற மிஸ்ஸிகிட்ட நான் சொல்லிட்டுப் போறேன்."

மாரியாயிக்கு அப்போதுதான் மூச்சு முழுசாக வந்தது.

தம்புசாமியின் விரல்கள் நாடாவைக் கண்டன.

ஒரு கணம் அசையாமல் இருந்தன. பிறகு, பட்டனோடும் ஜிப்போடும் தடுமாறிய அதே விரல்கள் ஒரு முனையை மடக்கின, மறுமுனையை அதன்மேல் சுற்றின, உள்ளே விட்டு இறுக்கி இழுத்தன. கண்கள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தன.

"ஆன்டி, பாருங்க! முடிச்சுப் போடுறாரு! ஞாபகம் வருது லா!"

லோரியில் சரக்கின் மேல் கித்தானை விரித்துக் கட்டுகிற முடிச்சு. ரோட்டில் எவ்வளவு குலுங்கினாலும் தளராது.

அவள் எங்கும் போய்விடக் கூடாதென்று, அவர் லோரி எடுக்கப் புறப்படும் காலைகளில், சமையலறை ஜன்னல் கம்பியோடு சேர்த்து அவள் மணிக்கட்டுகளில் விழுந்ததும் இதே முடிச்சுதான்.

புஷ்பவல்லி நகத்தால் நெருடிப் பார்த்தாள். அசையவில்லை. "கத்திரிக்கோல் கொண்டாரவா?"

"வேணாம் மிஸ்ஸி. வெட்டுனா மறுபடி கட்ட நாடா இருக்காது. இதுக்குக் கை ஒதவாது. எனக்குப் பழக்கந்தான்."

மாரியாயி அவர் மேல் குனிந்து, முடிச்சைப் பல்லால் கவ்வினாள்.