புதுநன்மைச் சேலை

"சேலை மஞ்சள்னு சொல்லிட்டுத்தான போனேன். இதை யாரு பச்சையாக்குனது?"

மனுவேல் கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்து அழுத்தினார். ஷெர்லின் அந்த விரலையே பார்த்தாள். இந்த வாரத்தில் ஐந்தாவது முறையாக அவள் திரையைத் துடைக்க வேண்டும்.

"உங்க தங்கச்சிதான் அண்ணாச்சி. நேத்து வந்து, மஞ்சள் தப்பு, பச்சைதான்னு சொன்னாங்க."

"அவ சொன்னா மாத்திருவியா?"

"காலையில உங்க தம்பி போன் போட்டு ஊதான்னாரு. அதுவும் பண்ணி வச்சிருக்கேன். பாக்கீங்களா?"

தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஷெர்லினுக்குச் சின்னதாக ஒரு டிசைன் கடை. பழைய கருப்பு வெள்ளைப் போட்டோவுக்குக் கலர் ஏற்றித் தருவாள். ஒரு படத்துக்கு அரை மணி நேரம் போதும். இந்தப் படத்துக்கு மட்டும் ஐந்து நாள் ஓடிவிட்டது.

படத்தில் ஒரே ஒரு பெண், மனுவேலின் அம்மா. ஆலந்தலை கோயில் சுவர் ஓரமாக, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நிற்கிறாள். கருவாடு விற்று நாலு பிள்ளைகளை வளர்த்தவள். கடைசிப் பையன் ரெக்ஸுக்குப் பத்து வயதாகும்போது இறந்துபோனாள். அவளுடையதென்று மிஞ்சியிருப்பது இந்த ஒரு படம்தான். ஞாயிற்றுக்கிழமை நினைவுப் பூசைக்கு அதைக் கலரில் பெரிதாக்கி வைக்கப்போகிறார்கள்.

"அண்ணாச்சி, எல்லாரும் சேர்ந்து வந்து ஒரு கலரைச் சொல்லுங்க. இல்லன்னா கருப்பு வெள்ளையாவே கொண்டு போங்க. எனக்கு வேற வேலை கெடக்கு."

சாயங்காலம் வந்தார்கள். மனுவேல், தங்கை பிலோமி, தம்பி ரெக்ஸ். மூத்தவள் பிளாரன்ஸும் முட்டுவலியோடு வந்து வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சாஃப்ட்வேர்கிட்ட விட்டா அதுவா ஒரு கலர் போடும். ரோஸ் வருது. அதையே வச்சிருவோமா?" என்றாள் ஷெர்லின்.

"ரோஸா?" மூன்று பேரும் ஒன்றாகக் கேட்டார்கள். ஐந்து நாளில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மனுவேல் ஆரம்பித்தார். "நான் மொத மொத நற்கருணை வாங்குன அன்னைக்கு, என் புதுநன்மைக்கு அம்மா எடுத்த சேலை இது. கையில மெழுகுதிரியோட கோயிலுக்குள்ள நடந்து போறேன். திரும்பிப் பாக்கேன், மஞ்சச் சேலையில பளிச்சுன்னு நிக்கா."

"உனக்கு மஞ்ச எடுத்தா, யாரு இல்லன்னது?" என்றாள் பிலோமி. "மூணு வருசம் கழிச்சு என் புதுநன்மைக்குப் பச்சை எடுத்தா. போட்டோவுல இருக்கது அதுதான். கரையில மாங்கா போட்டிருக்கு பாரு."

"என் சேலைக்கும் மாங்காக் கரைதாம்ளா."

"எனக்கு எடுத்த ஊதாவுக்கும் அதே மாங்காதான் அண்ணே," என்றான் ரெக்ஸ். "கடைசிப் பிள்ளைக்குன்னு ஆசையா எடுத்தா. அடக்கம் பண்ணும்போது அவளுக்கு அதத்தான் கட்டிவிட்டாவ. உங்க ரெண்டு பேருக்கும் இதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப்போவுது."

"ஏலே, நேத்துப் பிறந்த பய எனக்குச் சொல்லித் தாரியா? மஞ்சள் இல்லன்னா ஞாயித்துக்கிழமை பூசைக்கு நான் வரல. நீங்களே நடத்திக்கிடுங்க."

ஷெர்லின் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். கருப்பு வெள்ளையில் மூன்று நிறமும் சாம்பலாகத்தான் தெரியும் என்று இவர்களுக்கு எத்தனை முறை சொல்வது? வாசல் பக்கம் திரும்பினாள்.

"பெரியம்மா, நீங்கதான் மூத்தவங்க. நீங்களாவது சொல்லுங்களேன்."

"ஏதாவது ஒண்ணப் போட்டு முடிச்சு விடும்மா," என்றாள் பிளாரன்ஸ்.

"அவ எப்படிச் சொல்லுவா?" மனுவேலின் குரல் ஏறியது. "ஊதாவக் கட்டிவிட்டுப் புதைச்சாச்சு. மிச்சம் ரெண்டு சேலை எங்க போச்சு? அம்மா செத்த அன்னைக்குப் பெட்டியத் தொறந்தது யாரு? இவதான. மறு வருசம் கலியாணம் முடிச்சுப் போனவளும் இவதான."

பிலோமி அண்ணனைத் தடுக்கவில்லை. ரெக்ஸ் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பேச்சு அந்த வீட்டுக்குப் புதிதில்லை, இதுவரை அக்காவின் முதுகுக்குப் பின்னால் பேசியதை இன்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார், அவ்வளவுதான் என்று ஷெர்லினுக்கே புரிந்தது.

பிளாரன்ஸ் நாற்காலிக் கையை ஊன்றி மெதுவாக எழுந்தாள். திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று அம்மாவைப் பார்த்தாள்.

"நான்தாம்லே பெட்டியத் தொறந்தேன். உள்ள ஒண்ணும் இல்ல."

"ரெண்டு சேலையும் பறந்தா போச்சு?"

"பிள்ளையளுக்குத் தெரியக் கூடாது, ஒவ்வொண்ணும் தனக்குன்னு எடுத்ததா நெனச்சுக்கிடட்டும்னு அம்மா என்கிட்ட சத்தியம் வாங்குனா. நாப்பத்தஞ்சு வருசம் வாயத் தொறக்கல. இன்னைக்கு என்னையத் திருடின்னுட்டிய, இனி சொல்லாம என்ன செய்ய?" பிளாரன்ஸ் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள்: "அம்மாகிட்ட இருந்தது ஒரே ஒரு நல்ல சேலை, அவ கலியாணத்துக்குக் கட்டுன வெள்ளைச் சேலை. உங்க ஒவ்வொருத்தர் புதுநன்மைக்கும் முந்தின நாள் சாயப்பொடி வாங்கிட்டு வந்து, மொத மஞ்ச, பொறவு பச்ச, பொறவு ஊதான்னு அதையே பானையில முக்கி எடுப்பா. அடுப்பங்கரையில நின்னு கிண்டுனது நான்தான்."