கேபிளின் மறுமுனை

சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தது மூன்று பேர்தான்: மாமா, அவருடைய தங்கை, தங்கையின் மகன். நான்காவதாக ஒருவர் தான் பார்த்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

மருமகன் மறுபடியும் கேபிள் முனையில் மாட்டிய பிளாஸ்டிக் கிளிப்பை வெட்டி எறிந்தான்.

நாளை நெட்வொர்க் பயிற்சி மையத்தில் செய்முறைத் தேர்வு. ஒரு முனையில் கிளிப் மாட்டிய கேபிளைக் கொடுப்பார்கள். மறுமுனையில் எட்டுக் கம்பிகளையும் அதே நிற வரிசையில் அடுக்கிக் கிளிப் மாட்ட வேண்டும். டெஸ்டரில் செருகினால் இரண்டு பக்கமும் விளக்குகள் ஒன்று முதல் எட்டு வரை சேர்ந்து எரிய வேண்டும். தேறினால் வேலை. தேறாவிட்டால் படித்ததெல்லாம் வீண்.

பழகுவதற்காக மையத்துச் சார் ஒரு முனையில் கிளிப் மாட்டிக் கொடுத்தனுப்பிய கேபிளில் விளக்குகள் இரண்டு வரை ஒழுங்காக வந்து, மூன்றில் தடம் புரண்டன. ஒவ்வொரு முறையும் மூன்றில்தான்.

"கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டுத்தான் செய்யறியாடா?"

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் தேர்வில் தோற்றதில்லை. அவரே, கைக்கு வந்த ரயில் ஓட்டுநர் வேலை உத்தரவை, மரியாதை தெரியாத அதிகாரியின் முகத்துக்கு நேரே கிழித்துப் போட்டுவிட்டு வந்தவர். கல்யாண வீடுகளில் இன்றும் அந்தக் கதை ஓடும்.

மருமகன் மீண்டும் மாட்டினான். மீண்டும் மூன்றில் புரண்டது.

மாமா கேபிளைப் பிடுங்கினார். மருமகன் மாட்டிய முனையை, கம்பிகளின் வரிசையைக் காட்டும் நிற அட்டையோடு ஒட்டி வைத்துப் பார்த்தார்.

"நம்ம பையன் சரியாத்தான் போட்டிருக்கான். தப்பு அவங்க போட்டு அனுப்புன முனையில."

அந்த முனையிலிருந்த கிளிப்பை ஒரே வெட்டாக வெட்டினார்.

"மாமா, அது சார் போட்டது!"

"சாருக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, அட்டையைப் பார்த்துப் பார்த்துக் கம்பிகளை அடுக்கி, புதுக் கிளிப்பில் வைத்து அழுத்தி, டெஸ்டரில் செருகினார்.

ஒன்று. இரண்டு. மூன்று. தடங்கலே இல்லாமல் எட்டு வரை. இரண்டு பக்கமும்.

மாமா வெட்டுக் கருவியை வாளைப் போல மேசைமேல் வைத்தார். மருமகன் வாய்விட்டுச் சிரித்தான்.

தங்கை மட்டும் சிரிக்கவில்லை. கேபிளின் இரண்டு முனைகளையும் பார்த்தாள். தரையில் கிடந்த சாரின் கிளிப்பை எடுத்து அதையும் பார்த்தாள்.

"அண்ணே, பச்சை வர வேண்டிய எடத்துல நீங்க ரெண்டு பேருமே பழுப்பைப் போட்டிருக்கீங்க. ரெண்டு பக்கமும் ஒரே தப்பு. அதான் எரியுது."

மருமகன் கம்பிகளை மாறி மாறிப் பார்த்தான்.

"இதுல எதும்மா பழுப்பு?"

மாமா கம்பிகளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

கேபிளைக் கீழே வைத்துவிட்டு, முதுகைச் சற்றும் வளைக்காமல் சொன்னார்: "நாளைக்கு நானும் வர்றேன் மாப்ளே. பரீட்சைக்கு முன்னாடியே சார்கிட்ட சொல்லிடுவோம். கம்பியில நம்பர் ஒட்டித் தரட்டும். தாய்மாமனுக்கும் இதேதான்னு நானே சொல்றேன்."

ஆகவே, மாமா உத்தரவைக் கிழித்தெறிந்தார் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். அவர் எதையும் கிழிக்கவில்லை. ரயில்வேயின் கண் பரிசோதனையில் எந்த விளக்கு பச்சை என்று கேட்டார்கள். அவர் சிவப்பைக் காட்டினார்.