கூடுதலாக ஓடிய பேனா

வடிவு சொல்லி முடித்துவிட்டாள். பேனா மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் தலையைச் சற்றுச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

எழுதிக்கொண்டிருந்தவள் ஜெசிந்தா டீச்சர்.

நூலகத்து மாடியில் சிறுகதைப் போட்டி. கல்லூரிப் பிள்ளைகள் ஹால் நிறைய உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பார்வையில்லாதவர்கள், தாங்கள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆளை அழைத்து வரலாம். அவர்களுக்குத் தனிப் பிரிவும் தனிப் பரிசும் உண்டு என்று பொறுப்பாளர் அன்பாகத்தான் சொன்னார். வடிவு வேண்டாம் என்றுவிட்டாள். எல்லார் கதையோடும் சேர்த்துத்தான் தன் கதையைப் பார்க்க வேண்டுமாம். தோற்றாலும் அங்கேயே தோற்றுக்கொள்கிறாளாம்.

எழுதுவதற்கு டீச்சரையே அழைத்து வந்திருந்தாள்.

சனிக்கிழமைதோறும் பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் கதையும் கட்டுரையும் எழுதக் கற்றுத்தருகிறவள் ஜெசிந்தா. அவளுடைய முதல் பாடமே பேனாச் சத்தம். எழுத வருகிறவர்கள் நல்லவர்கள்தான். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொந்தச் சரக்கைச் சேர்த்துவிடுவார்கள். அதனால் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் நிறுத்தினால் பேனாவும் நிற்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள்.

போன வருஷம் ஒரு பிள்ளையின் கட்டுரையில் எழுதியவர் ஒரு நிலாவைச் செருகிவிட்டார். பரிசும் கிடைத்தது. மேடையில் வாசித்தபோது அந்த நிலாவுக்குத்தான் கைதட்டல். பிள்ளை பரிசை வீட்டுக்குக் கொண்டுபோகவே இல்லை. ஜெசிந்தாவின் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டது.

இன்றைக்கு அதே காரியத்தைச் செய்தது ஜெசிந்தாவின் கை.

வடிவு சொன்னது இவ்வளவுதான்: ‘அப்பா வந்தார். செருப்பை உதறவில்லை.’

கதைக்குள் வரும் பெண்ணுக்கும் வடிவைப் போலவே பார்வை கிடையாது. அவளுடைய அப்பா தினமும் வாசலில் செருப்பை உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார் என்பது முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனாலும் நடுவருக்கு இது போதுமா? புரியாமல் தள்ளிவிட்டால்? இதற்குத்தான் தனிப் பிரிவு என்றோம் என்பார்களே. யோசிக்கும்போதே கை தன்பாட்டுக்கு ஒரு வரியைச் சேர்த்துவிட்டது.

“டீச்சர், நான் அப்பவே நிறுத்திட்டேன்லா? பேனா இன்னும் போவுதே.”

ஜெசிந்தாவுக்கு முகம் சுட்டது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். அதற்குப் பதில், சேர்த்த வரியைத் தாழ்ந்த குரலில் வாசித்துக் காட்டினாள்.

‘அவர் முகம் வாடிப்போயிருந்தது.’

வடிவு கோபப்படவில்லை. ஜவுளிக் கடையில் துணியைத் தடவிப் பார்க்கிறவளைப் போல அந்த வரியை நிதானமாக யோசித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. உங்க கதையில வச்சுக்கிடுங்க.”

அந்த வரியை அழுத்தி அடிக்கச் சொன்னாள். ஜெசிந்தா அடித்தாள். அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண் குறையும், வேறு தாள் தரட்டுமா என்று பொறுப்பாளர் குனிந்து கேட்டார். வடிவு வேண்டாம் என்றாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினாள். அடித்த கோடு அங்கே மேடாக எழும்பியிருந்தது. முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஜெசிந்தாவுக்கு வெட்கமாக இருந்தது.

அதைவிடப் பெருமையாக இருந்தது. தான் வளர்த்த காது தன்னையே பிடித்துவிட்டது. இனி எந்தக் கொம்பன் பேனாவோடு வந்து உட்கார்ந்தாலும் இவளிடம் பருப்பு வேகாது. எழுந்து நின்று அந்த ஹாலுக்கே சொல்ல வேண்டும் போலிருந்தது.

பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள்.

வடிவு அடுத்ததைச் சொன்னாள்.

‘வாசலில் ஆட்டோ நின்றது. இன்ஜினை யாரும் அணைக்கவில்லை.’

எழுதி முடித்த பிறகுதான் ஜெசிந்தாவுக்கு உறைத்தது.

அந்த அப்பா வீட்டுக்கு வரவில்லை. வீட்டைவிட்டுப் போவதற்காக வந்திருக்கிறார்.

அதை அவள் எழுதவில்லை.