சாரைக்கு ஒரு கீபோர்டு

சாரைப்பாம்புக்குக் கீபோர்டு வாசிக்கக் கொள்ளை ஆசை. கையில்லாதவர்களும் வாசிக்கிற மாதிரி ஒன்று செய்து தருவதாக மரவட்டை இன்ஜினியர் வாக்குக் கொடுத்தது.

முதலில் அது ஒரு ஜோடி கையுறை தைத்து வந்தது.

"இதை எங்கேங்க மாட்டுறது?" என்று சாரை கேட்டது.

யாராவது கேள்வி கேட்டால் சுருண்டுகொள்வது மரவட்டையின் வழக்கம். சுருண்டுகொண்டது. சாயங்காலம் நிமிர்ந்து, தான் செய்த கீபோர்டில் காலால் மிதிக்கிற பெடல் ஒன்றையும் சேர்த்தது. சாரை தலையாட்டி வைத்தது. முகம் சுளித்தால் இதுவும் கிடைக்காமல் போய்விடுமே!

திறப்பு விழாவுக்குக் காடே திரண்டது. மரவட்டை தன் அத்தனை காலாலும் வாசித்துக் காட்டி அமர்க்களப்படுத்தியது. பிறகு சாரைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பாம்புக்குத் தோள் ஏது? பொன்னாடை அதைத் தலையோடு மூடிக்கொண்டது. மூச்சு முட்டி வெளியே நழுவிய சாரை, போக்கிடம் தெரியாமல் கீபோர்டின் மேலேயே ஊர்ந்தது.

சுரங்கள் ஒன்றோடொன்று குழைந்து வழிந்தன. கூட்டம் தலையாட்டித் தாளம் போட்டது. தன் வயிற்றுக்கடியில் பாட்டு பிறப்பதைக் கேட்டுச் சாரைக்கே சிலிர்த்துவிட்டது.

"ஐயையோ, இறங்கு, இறங்கு!" என்று மரவட்டை அலறியது. "உனக்காகப் பார்த்துப் பார்த்துச் செஞ்சதை நீயே பாழாக்கிடாதே!"