உப்புப் பூத்த மணிகள்

தாம்பரத்தில் மழை பிடித்துக்கொள்கிறது. எகிப்தியர் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்த நீல ஃபயான்ஸ் மணிகளைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்கிறாள் பிளஸ்ஸி. படிகக்கல் பொடியும் செப்புத் தூளும் சோடா உப்பும் பிசைந்து உருட்டிய மணிகள் காயக் காய, உள்ளிருந்த உப்பு மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. உலையில் அதுதான் உருகி நீலப் பளபளப்பாகும். பலமுறை கெட்டு, இம்முறைதான் சரியாகப் பூத்திருக்கிறது. உலைக்குக் கொண்டுபோகத் தட்டைத் தூக்குகிறாள். காற்று ஜன்னலைத் தள்ளித் திறக்க, சாரல் தட்டின்மேல் அடிக்கிறது. கூட ஆய்வு செய்யும் ஜோனத்தான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறான். அதற்குள் மணிகளின் வெள்ளை கரைந்து இறங்குகிறது. “டிஷ்யூ வெச்சு ஒத்தி எடுக்கட்டுமாக்கா?” “தொடாத. தொட்டா இருக்கிறதும் போயிடும்.” “திரும்பக் காயவெச்சா?” “உப்பு மணியில இல்லப்பா, தண்ணில போயிடுச்சு.” மங்கிய வெளிச்சத்தில் மணிகள் வெறும் மண் உருண்டைகளாகத் தெரிகின்றன. தட்டின் ஓரத்தில் கலங்கல் நீர் தேங்குகிறது. அதை வைத்து எதுவும் செய்ய முடியாதென்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சொட்டும் சிந்தாமல், இரண்டு கையாலும் தட்டைச் சமமாகப் பிடித்தபடி நிற்கிறாள்.